கோடை விடுமுறையில் ஆய்வகம்: கல்லூரி அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏப்ரலில் தேர்வு, மே மாதத்தில் பேப்பர் திருத்தம், ஜூன் நடுவில் மறுபடி கல்லூரி. இதற்கு நடுவில் கிடைக்கும் வாரங்களில் நல்ல ஆய்வு நிறுவனம் ஒன்றில் உட்கார்ந்து நீங்களே கையால் ஆய்வு செய்யலாம். அதற்கு உதவித்தொகையும் உண்டு. பெங்களூரில் இருக்கும் இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸ், டெல்லியில் இருக்கும் இந்தியன் நேஷனல் சயின்ஸ் அகாடமி, பிரயாக்ராஜில் இருக்கும் நேஷனல் அகாடமி ஆஃப் சயின்சஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து ஆண்டுதோறும் நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டம் அது. மாணவர்களுக்கு மட்டும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். திட்டத்தின் பெயரிலேயே ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

நான் தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் எடுக்கிறேன். விண்ணப்பம் போட்டதிலிருந்து சான்றிதழ் கைக்கு வந்தது வரை, எந்தக் காகிதம் யாரிடம் வாங்குவது, எப்போது கேட்பது என்று சொல்ல ஆளில்லாமல் ரொம்பவே அலைந்தேன். அடுத்து போகிறவர்கள் அப்படி அலையக்கூடாது.

படிகளுக்குள் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்து உங்கள் கல்லூரி லேபில், உங்கள் மாணவர்களை வைத்துச் செய்யக்கூடிய ஒரு வேலையைக் கற்றுக்கொள்ளப் போங்கள். விண்ணப்பத்தில் என்ன எழுதுவது, கைடிடம் (அங்கே உங்களை ஏற்று வழிநடத்தும் விஞ்ஞானியிடம்) என்ன கேட்பது, கடைசி வாரத்தில் எதை எடுத்து வருவது என்ற எல்லாவற்றுக்கும் இந்த நினைப்பு வழி காட்டும்.

1. உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் அறிவியல், கணிதம், பொறியியல் எடுப்பவர்களுக்கானது இது. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம், பொறியியல், புவி அறிவியல் எனப் பிரிவுகள் உண்டு. காலம் இரண்டு மாதம். கல்வித் தகுதியும் மதிப்பெண் வரம்பும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் இருக்கும். போன வருடம் யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் படத்தை நம்பாமல், அகாடமியின் இணையதளத்தில் இருப்பதை வரிக்கு வரி படியுங்கள். பள்ளி ஆசிரியர்களுக்கான வழி வேறு. கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

2. விண்ணப்பத்துக்கு முன்னால் விடுப்பைப் பேசுங்கள்

ஆசிரியர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. தேர்வாகிவிட்டு, கல்லூரி விடவில்லை என்று மறுத்தவர்களை எனக்குத் தெரியும்.

சிக்கல் எளிமையானது. திட்டம் எட்டு வாரம். நம் விடுமுறை, பேப்பர் திருத்தமும் அட்மிஷன் வேலையும் போக, எட்டு வாரம் வராது. எனவே முன்பக்கமோ பின்பக்கமோ சில வாரங்கள் கல்லூரி நாட்களில் விழும். அந்த நாட்களுக்கு ஓ.டி. (பணியில் இருப்பதாகவே கணக்கிடும் ஆன் டியூட்டி) தருவார்களா, சம்பளமில்லாத விடுப்பா, ஈட்டிய விடுப்பைக் கழிப்பார்களா என்பதை அறிவிப்பு வரும் செப்டம்பர், அக்டோபர் வாக்கிலேயே கேட்டுவிடுங்கள்.

யாரிடம் கேட்பது? சுயநிதிக் கல்லூரி என்றால் பிரின்சிபால் கையெழுத்து மட்டும் போதாது. செயலரோ கரஸ்பாண்டென்டோ சரி என்று சொன்னால்தான் அது சரி. அரசு உதவி பெறும் கல்லூரியில் நிர்வாகம் வழியாகப் போக வேண்டும்; மண்டல இணை இயக்குநர் அலுவலகம் வரை கோப்பு போக வேண்டியிருக்குமா என்பதை உங்கள் கல்லூரி சூப்பரின்டென்டன்டிடம் கேளுங்கள். பிரின்சிபாலைவிட அவருக்கு அது துல்லியமாகத் தெரியும். அரசுக் கல்லூரி ஆசிரியர்கள் உரிய வழியில் விண்ணப்பித்த நகலைக் கண்டிப்பாகக் கையில் வைத்திருங்கள்.

வாய்வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம், போட்டு வைங்க சார்" என்று அக்டோபரில் சொன்னவரே ஏப்ரலில், "அட்மிஷன் நேரத்துல எப்படி விடுறது?" என்பார். என் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. தடையின்மைச் சான்று ஒன்றை லெட்டர்பேடில், தேதியோடு, எண்ணோடு வாங்குங்கள். "தேர்வானால் மே, ஜூன், ஜூலை மாதங்களுக்குள் எட்டு வாரம் ஆய்வுக்குச் செல்ல ஆட்சேபணை இல்லை" என்று அதில் இருக்க வேண்டும். மாதங்களின் பெயர் இல்லாத கடிதத்தால் பிரயோஜனமில்லை.

பேப்பர் திருத்தத்துக்கும் இப்போதே வழி செய்யுங்கள். உங்கள் பாடத்துக்கு முகாம் எப்போது நடக்கும் என்று தோராயமாகத் தெரிந்தால், ஆய்வில் சேரும் தேதியை அதற்குப் பின்னால் வைத்துக் கேட்கலாம்.

3. காகிதங்களை ஒரே வாரத்தில் சேர்த்துவிடுங்கள்

கேட்கப்படுபவை பெரும்பாலும் இவைதான்: பத்தாம் வகுப்பிலிருந்து எல்லா மதிப்பெண் பட்டியலும், பட்டச் சான்றிதழ்கள், இப்போது ஆசிரியராக இருப்பதற்கான சான்று, புகைப்படம். தேர்வான பிறகு வங்கி விவரம், பான், ஆதார். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, பி.டி.எஃப். ஆக்கி, கேட்ட அளவுக்குள் சுருக்கி ஒரே ஃபோல்டரில் போடுங்கள். ஃபோனில் சாய்வாக எடுத்த படம் வேண்டாம். மதிப்பெண் தெரியாவிட்டால் பார்ப்பவர் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார்.

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தொல்லை இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒரு இனிஷியல், பட்டச் சான்றிதழில் இரண்டு, பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக, வங்கிக் கணக்கில் பெயருக்குப் பின்னால். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றிய பெண்களுக்கு இன்னும் ஒரு சுற்று. விண்ணப்பத்தில் பட்டச் சான்றிதழில் இருக்கும்படி பெயரைப் போடுங்கள். வங்கிக் கணக்கில் வேறு மாதிரி இருந்தால், இரண்டும் ஒருவரே என்று பிரின்சிபாலிடம் ஒரு சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதை வாங்க ஐந்து நிமிடம் ஆகும். பணம் வரும் நேரத்தில் தேடினால் வாரக்கணக்கில் இழுக்கும்.

வங்கி விஷயத்தில் இன்னொன்று. 2020-ல் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் இணைந்தன. பழைய பாஸ்புக்கில் இருக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. எண் செல்லாது. புதிய பாஸ்புக்கின் முதல் பக்கத்தையே ஸ்கேன் செய்யுங்கள்.

4. என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதும் குறிப்பு

விண்ணப்பத்தில் உங்கள் ஆய்வு ஆர்வத்தைச் சுருக்கமாக எழுதச் சொல்வார்கள். தேர்வு செய்கிறவர்களுக்கு உங்களைப் பற்றிக் கிடைக்கும் ஒரே குரல் அது. உங்கள் துறைக்கு ஒத்துவரும் கைடு யார் என்று அவர்கள் பார்ப்பதற்கும் அதுதான் உதவும். இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

"மூலக்கூறு உயிரியலின் நவீன நுட்பங்களைக் கற்று என் அறிவை மேம்படுத்திக்கொள்ள விரும்புகிறேன்" என்ற மாதிரி வாக்கியத்தை நூறு பேர் எழுதுவார்கள். அதில் நீங்கள் யார் என்று தெரியாது. உங்கள் ஊரிலிருந்து ஆரம்பியுங்கள். நான் எழுதியதன் சாரம் இது:

"எங்கள் பகுதி கரிசல் மண். சுண்ணாம்புச் சத்து மிகுந்த இந்த மண்ணில் விவசாயி போடும் டி.ஏ.பி. உரத்தின் பாஸ்பேட்டில் பெரும் பகுதி கால்சியத்தோடு சேர்ந்து கரையாமல் தங்கிவிடுகிறது. அதைக் கரைக்கும் பாக்டீரியாக்களை எங்கள் மாணவர்கள் வயல்களிலிருந்து பிரித்தெடுத்திருக்கிறார்கள். எது அதிகம் கரைக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்கிறோம். எவ்வளவு கரைக்கிறது என்று அளக்கவில்லை. அளக்கும் முறையையும், அவை எந்த இனம் என்று கண்டறியும் முறையையும் கற்று வந்து எங்கள் லேபில் தொடர வேண்டும்."

ஒரு இடம், ஒரு கேள்வி, ஏற்கெனவே செய்த கொஞ்சம் வேலை, இன்னும் தெரியாத ஒன்று, திரும்பி வந்து செய்யப் போவது. இந்த ஐந்தும் இருந்தால் போதும். நீங்கள் இயற்பியல் என்றால் உங்கள் லேபில் தூசி படிந்திருக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரிலிருந்து தொடங்குங்கள். வேதியியல் என்றால் ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் ஃப்ளோரைடிலிருந்து தொடங்கலாம். பெரிய கருவிகளின் பெயரை அடுக்காதீர்கள். இரண்டு மாதத்தில் முடிகிற அளவில் கேள்வி இருக்கட்டும்.

எழுதியதைத் துறைக்கு வெளியே இருக்கும் நண்பர் ஒருவரிடம் கொடுங்கள். கேள்வி என்ன என்று அவர் ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொன்னால் அனுப்பலாம்.

5. பரிந்துரை

உங்கள் வேலையை நேரில் பார்த்தவரிடம் கேளுங்கள். துணைவேந்தரின் நான்கு வரிக் கடிதத்தைவிட, உங்கள் எம்.ஃபில். அல்லது பிஎச்.டி. கைடின் ஒரு பக்கம் மேல். உங்கள் குறிப்பை அவருக்கு அனுப்புங்கள். கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்பாக முடித்துத் தரச் சொல்லுங்கள். மின்னஞ்சல் ஸ்பேமில் கிடக்கிறதா என்று ஃபோன் செய்து பார்க்கச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

விண்ணப்பம் பெரும்பாலும் நவம்பரில் முடியும். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், கடைசி இரண்டு நாளில் தளம் திணறும். தீபாவளி விடுமுறைக்குள் முடித்துவிடுவது நல்லது.

6. தேர்வானதும்

பிப்ரவரியிலிருந்து தளத்தையும் மின்னஞ்சலையும் பார்த்துக்கொண்டே இருங்கள். முடிவு எல்லோருக்கும் ஒரே நாளில் வந்துவிடாது. வந்ததும் குறித்த நாளுக்குள் ஏற்பதாகத் தெரிவிக்க வேண்டும். அப்புறம் கைடுக்கு ஒரு சிறிய கடிதம் எழுதுங்கள். அதில் மூன்று விஷயம் கேட்டால் போதும்: எந்தத் தேதியில் சேரலாம், முன்னதாக எந்த ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க வேண்டும், லேபில் தினசரி யாருடன் வேலை செய்வேன்.

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். கைடு பயணத்திலேயே இருக்கலாம். உங்களுக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கப் போவது ஒரு பிஎச்.டி. மாணவர்தான்.

எட்டு வாரத்தில் குறைக்கவோ இரண்டாகப் பிரிக்கவோ வேண்டியிருந்தால், சேரும் முன்பே கைடிடமும் அகாடமியிடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு பேசினால் உதவித்தொகையில் கை வைக்கும்.

7. பணமும் தங்குமிடமும்

உதவித்தொகை அளவு அறிவிப்பில் இருக்கும். அது முதல் நாளே கைக்கு வராது. இரண்டு மாதச் செலவும் உங்கள் பையிலிருந்து போகும் என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள். சுயநிதிக் கல்லூரியில் மே மாதச் சம்பளம் கிடையாது என்றால் ஜனவரியிலிருந்தே கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

தங்குமிடம் முதல் கவலை. நிறுவன விடுதிகளை மே, ஜூனில் கோடைகால மாணவர்கள் நிரப்பிவிடுவார்கள். அறை உண்டா என்று சேரும் கடிதத்தோடு சேர்த்துக் கேளுங்கள். இல்லையென்றால் பெங்களூரில் பிஜி (பேயிங் கெஸ்ட்) அறை எடுக்கலாம்: இரண்டு பேர் பகிரும் அறை, சாப்பாட்டோடு, மாதம் 8,000 முதல் 12,000 ரூபாய் வரை. முன்பணம் கேட்பார்கள், காலி செய்யும்போது எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். ஆய்வகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிற அறைக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கலாம். இரவு எட்டு மணிக்கு ஒரு பிளேட்டை (நுண்ணுயிர் வளர்க்கும் தட்டை) பார்க்க வேண்டியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை கல்ச்சர் (வளர்த்து வைத்திருக்கும் நுண்ணுயிர்) மாற்ற வேண்டியிருக்கும். பெங்களூர் போக்குவரத்தில் அது தினமும் முடியாது.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். மே மாத வண்டிகள் உடனே நிரம்பிவிடும். சேரும் தேதி உறுதியானதும் போட்டுவிடுங்கள். பயணப்படி கேட்கும்போது தேவைப்படும், டிக்கெட்டையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

சிறு குழந்தை இருப்பவர்கள் சென்னை, கல்பாக்கம், காரைக்குடி என்று வீட்டுக்குப் பக்கத்து நிறுவனங்களில் வாய்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து போக முடிந்தாலே பாதி பாரம் குறையும்.

8. முதல் வாரம்

அடையாள அட்டை, பாதுகாப்புப் பயிற்சி, கணினிக் கணக்கு என்று இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். எடுத்துப் போக வேண்டியவை: தடையின்மைச் சான்று, தேர்வுக் கடிதம், புகைப்படங்கள், ஆதார் நகல், லேப் கோட், மூடிய ஷூ, கெட்டி அட்டை நோட்டு.

நாற்பது வயதில், உங்கள் பழைய மாணவர் வயதில் இருக்கும் ஒருவரிடம் பிப்பெட் (திரவத்தைத் துளி அளவில் அளந்து எடுக்கும் கருவி) பிடிக்கக் கற்றுக்கொள்வீர்கள். அவர் உங்களை "சார்", "மேடம்" என்று கூப்பிட்டுக்கொண்டே, நீங்கள் செய்வது தவறு என்று சொல்லத் தயங்குவார். முதல் நாளே நீங்களே சொல்லிவிடுங்கள்: "தம்பி, நான் இங்க ஸ்டூடன்ட். தப்பா செஞ்சா உடனே சொல்லுங்க." இதைச் சொன்னவர்கள் கற்றுக்கொள்வதற்கும் சொல்லாதவர்கள் கற்றுக்கொள்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

கைடை முதல் வாரத்திலேயே சந்தித்து, உங்களுக்கென்று ஒரு சிறிய கேள்வியைப் பிரித்துத் தரக் கேளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மாதமும் யாரோ செய்வதை நின்று பார்த்துவிட்டு வருவீர்கள்.

9. கையால் செய்யுங்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாம் போவதே இதற்குத்தான்.

பிப்பெட்டிலிருந்து ஆரம்பியுங்கள். கட்டைவிரலால் அழுத்தும்போது இரண்டு நிறுத்தங்கள் தெரியும். முதல் நிறுத்தம் வரை அழுத்தி, நுனியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் திரவத்தில் வைத்து, மெதுவாக விட வேண்டும். வெளியே விடும்போது இரண்டாவது நிறுத்தம் வரை அழுத்த வேண்டும். உங்கள் கை சரியா என்று தெரிய, 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைத் தராசில் பத்து முறை விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 0.1 கிராமுக்குப் பக்கத்தில் வர வேண்டும். வராவிட்டால் அன்றைக்கு வேறு எதையும் தொடாமல் அதையே செய்யுங்கள். இதே பயிற்சியை உங்கள் மாணவர்களுக்கும் கொடுக்கலாம். ஒரு பிப்பெட்டும் தராசும் போதும்.

பாஸ்பேட் கரைக்கும் பாக்டீரியாவுக்கு பிகோவ்ஸ்கயா அகார் என்று ஒரு மீடியம் (வளர்ப்பு ஊடகம்) உண்டு. கரையாத கால்சியம் பாஸ்பேட் சேர்த்திருப்பதால் பிளேட் முழுக்க மோர் ஊற்றியது போல வெளுத்திருக்கும். பாக்டீரியாவைப் புள்ளியாக வைத்து 28, 30 டிகிரியில் சில நாள் விட்டால், கரைக்கும் திறன் உள்ள காலனியை (பாக்டீரியா வளர்ந்து திரண்ட புள்ளியை) சுற்றி மட்டும் தெளிவான வளையம் விழும். பிளேட்டைக் கவிழ்த்து, கருப்புத் தாளின் மேல் வைத்து, காலனியின் விட்டத்தையும் வளையத்தோடு சேர்ந்த விட்டத்தையும் ஸ்கேலில் அளந்து விகிதம் பார்ப்பது முதல் படி. ஆனால் வளையம் பெரிதாக இருப்பதே அதிகம் கரைப்பது ஆகிவிடாது. திரவ மீடியத்தில் வளர்த்து, கரைந்த பாஸ்பேட்டை மாலிப்டேட் சேர்த்து நீல நிறமாக்கி, கலரிமீட்டரில் (நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கருவியில்) அளந்தால்தான் உண்மை தெரியும். வளையத்தில் முதலாவதாக நின்றது கலரிமீட்டரில் பின்னால் போனதை நான் பார்த்தேன். பாடப்புத்தகத்தில் "வளையம் தோன்றும்" என்று ஒரு வரியில் படித்துக் கடந்துவிடுகிற மாணவர்களுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது.

ஒவ்வொன்றைக் கற்கும்போதும், ஊரில் இதை எதை வைத்துச் செய்வேன் என்று நோட்டின் வலது ஓரத்தில் எழுதுங்கள். அவர்களிடம் ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) இருக்கும். நம்மிடம் அது பழுதாகிக் கிடக்கும்போது வீட்டு பிரஷர் குக்கர் உதவும். அதன் வெயிட் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தத்தில் தூக்கும். உள்ளே 120 டிகிரி வாக்கில் இருக்கும். சிறிய குடுவைகளுக்கு 20 நிமிடம் போதும். அந்தக் குக்கரை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள். எடுத்து வரக்கூடாதவையும் உண்டு: டி.என்.ஏ.வைச் சாயமேற்றும் எத்திடியம் புரோமைடு போன்றவை. கழிவை முறையாக அழிக்க வசதியில்லாத லேபுக்கு அது வேண்டாம். பாதுகாப்பான மாற்றுச் சாயங்களின் பெயரைக் கேட்டு வாருங்கள்.

நோட்டில் தேதி, மீடியத்தின் எடை அளவு, பிளேட் எண், தோற்றுப்போனது எல்லாம் அன்றன்றே பேனாவால் எழுதுங்கள். அந்தத் தரவு ஆய்வகத்துக்குச் சொந்தம். படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவதற்கும், கருத்தரங்கில் காட்டுவதற்கும் கைடின் அனுமதி வேண்டும். கல்ச்சர்களை ஊருக்கு எடுத்துப் போகவும் அப்படியே.

10. அறிக்கை

கடைசிப் பத்து நாளில் புதிய சோதனை எதையும் தொடங்காதீர்கள். அறிக்கையில் கேள்வி, செய்முறை, முடிவு, வராத முடிவு எல்லாம் இருக்கட்டும். செய்முறைப் பகுதியை உங்கள் மூன்றாமாண்டு மாணவர் படித்துச் செய்யும் அளவுக்கு விரிவாக எழுதுங்கள். அதுவே பிறகு உங்கள் லேப் மேனுவல் ஆகிவிடும். கைடு ஊரில் இருக்கும் தேதிகளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, கிளம்பும் முன் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அறிக்கை போய்ச் சேராமல் பணமும் சான்றிதழும் நகராது. வருகைச் சான்று ஒன்றும் கேட்டு வாங்குங்கள், ஓ.டி.க்குக் கல்லூரி அலுவலகம் கேட்கும்.

11. கிடைக்காவிட்டால்

அடுத்த ஆண்டு மறுபடி போடலாம். இதற்கிடையில் இதே மூன்று அகாடமிகளும் ஆசிரியர்களுக்கு இரண்டு வாரப் புத்தாக்கப் பயிற்சிகள் நடத்துகின்றன. சிலவற்றில் செய்முறையும் உண்டு. பள்ளி ஆசிரியர்கள், கர்நாடகத்தின் சள்ளகெரேயில் இருக்கும் ஐ.ஐ.எஸ்சி. (இந்திய அறிவியல் கழகம்) வளாகத்தின் திறன் மேம்பாட்டு மையத்தையும், மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தையும் பாருங்கள். இரண்டிலும் ஆசிரியர் பயிற்சி நடக்கிறது. பிஎச்.டி. முடித்து நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கு டேர் (TARE) என்ற மத்திய அரசுத் திட்டமும் உண்டு. அதில் மூன்று ஆண்டு, சொந்தக் கல்லூரி வேலையை விடாமல், ஒரு பெரிய நிறுவனத்தோடு சேர்ந்து ஆய்வு செய்யலாம்.

எந்தத் திட்டத்துக்கும் போகாமலே ஒரு விஞ்ஞானிக்கு நேராக எழுதிப் பார்க்கலாம். நான்காம் படியில் சொன்ன குறிப்பையே கடிதமாக்கி, அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியோடு அனுப்புங்கள். உதவித்தொகை இருக்காது, ஆனால் இரண்டு வாரம் வந்து பாருங்கள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பிப்ரவரிக்குள் எழுதினால் அவர்களுக்கும் இடம் ஒதுக்க நேரம் இருக்கும்.